கற்பும் சேஸ்டிட்டியும்: பெரியாரின் சொல் விசாரணையை மறுபடி படித்தபோது

வைக்கம் என்றதும் நம் நினைவுக்கு வருகிற பெரியார் போராட்டக்காரர். கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் எல்லாரும் நடக்க வேண்டும் என்று 1924இல் திருவிதாங்கூருக்கு வந்தார். இரண்டு முறை சிறைப்பட்டார். இரண்டாவது தண்டனையை நம்முடைய திருவனந்தபுரம் மத்திய சிறையில்தான் அனுபவித்தார். அந்தப் பெரியாரை இந்நகரத் தமிழர்களுக்கு நன்றாகவே தெரியும். அகராதியைப் புரட்டி வைத்துக்கொண்டு ஒரு சொல்லைத் துருவித் துருவிப் பார்த்த பெரியாரை அவ்வளவாகத் தெரியாது.

சிறையிலிருந்து போய் நாலு வருஷம்கூட ஆகவில்லை. 1928 ஜனவரியில் 'குடி அரசு' இதழில் கற்பு என்ற சொல்லைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் 'பெண் ஏன் அடிமையானாள்?' என்ற நூலின் முதல் அத்தியாயமாக அது இடம்பெற்றது. அதில் அவர் தமிழ்ச் சொல்லை மட்டும் பார்க்கவில்லை. சேஸ்டிட்டி, வெர்ஜினிட்டி என்ற இரண்டு ஆங்கிலச் சொற்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார். அந்தச் சொல்லாராய்ச்சி எவ்வளவு தூரம் நிற்கும், எங்கே வழுக்குகிறது, வழுக்கினாலும் ஏன் அவர் முடிவு சரி என்பதைப் பேசத்தான் இந்தக் கட்டுரை. பெரியாரைப் புகழ்வதோ இகழ்வதோ நோக்கமில்லை. தமிழும் மலையாளமும் இங்கிலீஷும் ஒரே வீட்டில் புழங்குகிற நம்மைப் போன்றவர்களுக்கு இந்த விசாரணையில் தனியாக ஒரு பங்கு உண்டு என்பது என் எண்ணம்.

பெரியார் சொன்னது என்ன?

முதலில் அவர் வாதத்தை நியாயமாக எடுத்து வைப்போம். கற்பு என்பதைப் பிரித்தால் 'கல்' பகுதியாகக் கிடைக்கிறது. படி, படிப்பு என்பது போல. அடுத்து ஔவையாரின் கொன்றைவேந்தனுக்குப் போகிறார். கற்பாவது சொல் தவறாமை என்ற பொருளில் அங்கே ஒரு வரி வருகிறது. ஆகவே கற்பு என்றால் நாணயம், வாக்கு மாறாமை என்கிறார். பிறகு அகராதியில் 'மகளிர் நிறை' என்று பொருள் கண்டிருப்பதைப் பார்த்து, நிறை என்பதற்கு அழிவின்மை, உறுதி என்றெல்லாம்தானே பொருள், மகளிர் என்ற அடைமொழி எங்கிருந்து வந்து ஒட்டிக்கொண்டது என்று கேட்கிறார். கடைசியில் ஆங்கிலம். சேஸ்டிட்டிக்குச் சுத்தம், கெடாமை என்றுதான் பொருள்; அதில் ஆண் பெண் பேதம் இல்லை. எனவே கற்பு என்பது மனிதர் எல்லாருக்கும் பொதுவான ஒரு தூய்மை. அதைப் பெண்ணின் கழுத்தில் மட்டும் கட்டியது பதிவிரதை என்ற வடமொழிக் கருத்து. இவ்வளவுதான் சாரம்.

படிக்கும்போதே மூன்று இடங்களில் பென்சில் நிற்கிறது. ஒன்று, கல் என்ற வேர். இரண்டு, ஔவையாரின் வரி. மூன்று, ஆங்கிலம்.

கல் என்ற வேரில் அவர் சொன்னது சரி. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. அதன் பதிப்பாசிரியராயிருந்து முடித்துக் கொடுத்த எஸ். வையாபுரிப் பிள்ளை நமக்கு அந்நியர் அல்லர். இளமையில் திருவனந்தபுரத்தில் வக்கீல். கடைசிக் காலத்தில் திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர். அந்த லெக்சிகனும் கற்பைக் கல் என்ற வினையின்கீழ்தான் கொண்டுவருகிறது. கல்வி என்பதையும் அதன் பொருள்களில் ஒன்றாகத் தருகிறது. தொல்காப்பியத்தில் கற்பியல் என்றால் திருமணத்துக்குப் பிந்திய வாழ்க்கையைப் பற்றிய இயல். கன்னித்தன்மைக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

ஆனால் கல்வி என்றதும் நாம் அகமகிழ்ந்துவிட வேண்டாம். யார் கற்பித்தது, எதைக் கற்பித்தது என்று கேட்க வேண்டும். கணவனைவிடச் சிறந்த தெய்வம் இல்லை, அவனை இன்ன விதமாக வழிபடு என்று பெற்றோர் பெண்ணுக்குக் கற்பிப்பதால் கற்பு என்று பெயர் வந்தது என்ற கருத்தில் நச்சினார்க்கினியர் எழுதுகிறார். ஆக, பாடத்திட்டம் அப்போதே தயார்! கொன்றைவேந்தன் வரிக்கும் இதே கதிதான். சொல் தவறாமை என்றுதான் மூலம். பள்ளிக்கூட உரைகள் 'கணவன் சொல்' என்று ஒரு கணவனைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிட்டன. அந்தக் கணவனை எழுப்பி வெளியே அனுப்பியவர் பெரியார். இது நல்ல வாசிப்பு என்றே நினைக்கிறேன். ஆனால் பழியை முழுக்க வடமொழியின் தலையில் கட்டியது சரியில்லை. உரையாசிரியரும் தமிழர்தான், உரையும் தமிழ்தான். இது பெரியாருக்கும் தெரியாததல்ல. அடுத்த அத்தியாயத்திலேயே அவர் வள்ளுவரைக் கேள்வி கேட்கிறார்.

ஆங்கிலத்தில் வழுக்கல்

இனி ஆங்கிலம். அகராதிப் பொருளைப் பார்த்தால் சேஸ்டிட்டி இரு பாலுக்கும் பொது என்பது உண்மை. ஆனால் ஒரு சொல்லின் குணத்தை அறிய அகராதியின் முதல் வரி போதாது. அது எங்கே பிறந்தது, யார் கூடச் சுற்றியது என்பதையும் விசாரிக்க வேண்டும். கல்யாணத்துக்கு வரன் பார்க்கிற மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சேஸ்ட் என்பதன் தாய் லத்தீனில் காஸ்டுஸ். தூய, மாசற்ற என்று பொருள். அதற்கும் அடியில் வெட்டு, பிரித்தெடு என்ற வேர் இருப்பதாக மொழிநூலார் பலர் கருதுகிறார்கள். குறைகளிலிருந்து வெட்டிப் பிரிக்கப்பட்டது சுத்தம் என்ற கற்பனை. இந்தத் தாய்க்குப் பிறந்த பிள்ளைகளைப் பாருங்கள். கண்டித்துத் திருத்துவது காஸ்டிகேட். அடித்துத் தண்டிப்பது சேஸ்டைஸ். இரண்டும் காஸ்டுஸின் வழி வந்தவை. சுத்தமாக்குவதற்காகத்தானே அடிக்கிறோம் என்ற நியாயம் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. காஸ்டுஸ் அல்லாதது இன்செஸ்ட், அதாவது முறைகெட்ட உறவு.

இந்தக் குடும்பத்தில் நம்மோடு நேரடியாகச் சம்பந்தப்பட்ட ஒரு பிள்ளை உண்டு. 16ஆம் நூற்றாண்டில் மலையாளக் கரையில் இறங்கிய போர்ச்சுகீசியர் இங்குள்ள குலப் பிரிவுகளைக் குறிக்கத் தங்கள் ஊர்ச் சொல்லொன்றைப் பயன்படுத்தினார்கள். காஸ்தா. கலப்பில்லாத இனம் என்று பொருள். அதுவே ஆங்கிலத்தில் காஸ்ட் ஆயிற்று. நாம் சாதி என்கிறோம். இந்தக் காஸ்தாவும் காஸ்டுஸிலிருந்தே வந்தது என்பதுதான் ஆங்கில அகராதிகள் வழக்கமாகச் சொல்லும் விளக்கம். ஸ்பானிய மொழியறிஞர் ஜுவான் கோரோமினாஸ் இதை ஏற்கவில்லை. கோதிக் மொழியில் வேர் தேடினார். வேரில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் தூய்மை என்ற எண்ணமும் குலம் என்ற எண்ணமும் அந்தச் சொல்லில் ஒன்றாகக் கலந்து பழகியதை யாரும் மறுக்க முடியாது.

கற்பு ஒரு கட்டுரை, தீண்டாமை ஒரு போராட்டம் என்று தனித்தனியாக நாம் படிக்கிறோம். ஆங்கிலத்தைத் துணைக்கு அழைத்த பெரியார் இன்னும் ஓர் அடி தோண்டியிருந்தால், வைக்கத்தில் தாம் எதிர்த்ததும் குடி அரசில் தாம் எதிர்த்ததும் ஒரே சொல் குடும்பம் என்று கண்டிருப்பார். சேஸ்ட், காஸ்ட். அவருக்கு இதைவிட உதவியான சாட்சி கிடைத்திருக்காது. அதைக் கூப்பிடாமலே வழக்கை முடித்துவிட்டார்.

ஆங்கிலச் சொற்களுக்கு ஆண் பெண் பேதம் இல்லை என்ற அவர் முடிவும் ஆட்டம் காண்கிறது. வெர்ச்சூ என்றால் நற்குணம். அதன் வேர் லத்தீனில் விர், அதாவது ஆண்மகன். ஆண்மை, வீரம் என்று தொடங்கிய சொல் நற்குணம் என்று விரிந்தது. பெண்ணைப் பற்றிப் பேசும்போது மட்டும் அது சுருங்கி, உடல் தூய்மை என்றே ஆகிப்போனது. ஆணின் வெர்ச்சூ போர்க்களத்தில், பெண்ணின் வெர்ச்சூ படுக்கையறையில்! ஆனஸ்ட் என்ற சொல்லும் அப்படியே. ஆணுக்கு நேர்மை, பெண்ணுக்குக் கற்பு என்று ஷேக்ஸ்பியர் காலத்தில் வழங்கியது. ஒதெல்லோ நாடகத்தில் இயாகோவுக்கும் டெஸ்டிமோனாவுக்கும் இந்த ஒரே அடைமொழி வெவ்வேறு பொருளில் வந்து, நாடகத்தின் விஷமே அதில் ஊறிக் கிடக்கிறது.

சட்டத்தைப் பார்த்தாலும் இதே கதை. இங்கிலாந்தில் 1857ஆம் ஆண்டு மணமுறிவுச் சட்டப்படி, மனைவி வழிதவறினாள் என்று நிரூபித்தாலே கணவன் விலகலாம். கணவன் வழிதவறினால் அது மட்டும் போதாது. கொடுமை செய்தான், கைவிட்டான் என்று இன்னொரு குற்றத்தையும் மனைவி நிரூபிக்க வேண்டும். 1923இல்தான் இந்த ஏற்றத்தாழ்வு நீங்கியது. பெரியார் எழுதுவதற்கு ஐந்து வருஷம் முன்பு! ஆங்கிலச் சொல்லில் பேதம் இல்லை என்றால் ஆங்கிலேயன் சட்டத்தில் எப்படி வந்தது? அகராதியில் இல்லாதது வழக்கில் இருந்தது.

தொடுதலின் குடும்பம்

தூய்மைக்கு ஆங்கிலத்தில் இன்னொரு பெரிய குடும்பம் உண்டு. இன்டெக்ரிட்டி என்ற சொல்லை இப்போது எல்லா இடத்திலும் கேட்கிறோம். அதிகாரிக்கு இன்டெக்ரிட்டி வேண்டும், ஆடிட்டருக்கு வேண்டும், அரசியல்வாதிக்கு ரொம்பவே வேண்டும். கணக்கு வாத்தியார் முழு எண்ணை இன்டிஜர் என்பாரே, அதுவும் இதுவும் ஒன்று. லத்தீனில் இன் என்றால் இல்லை. மிச்சப் பாதி 'தொடு' என்ற வேர். தொடப்படாதது, அதனால் குறையாமல் முழுசாக இருப்பது இன்டிஜர். இன்டாக்ட் என்பதும் அதே. மறுபக்கம், தொட்டதால் கெட்டுப்போவது கன்டாமினேட். தொட்டு ஒட்டிக்கொள்வது கன்டேஜியன். எல்லாம் ஒரே வேர்.

தொடப்படாதது. இதை அப்படியே தமிழாக்கிப் பாருங்கள். தீண்டாமை! அங்கே மேன்மைக்குப் பெயரான அதே பொருள் இங்கே கொடுமைக்குப் பெயர். வேறுபாடு எங்கே வருகிறது? தொடப்படாமல் நான் இருந்தால் அது என் பெருமை. அதைக் காக்க இன்னொருத்தன் தூரத்தில் நிற்க வேண்டும். அவனிடமிருந்து பார்த்தால் அதற்குப் பெயர் தீண்டாமை. ஒரே வேலியின் இரண்டு பக்கம்.

நம் பேச்சில் இந்த வேலி எவ்வளவு ஆழமாக நட்டிருக்கிறது! தீண்டு என்பதிலிருந்து தீட்டு. "தொடாதே, தீட்டு" என்று கேட்காத வீடு உண்டா? மாதவிலக்கானால் பாட்டிமார் சொல்வது தூரம். "அவ தூரம்லா, அந்தப் பக்கமா இருக்கட்டும்" என்பார்கள். விலக்கு என்பதும் அதுவே. மலையாளத்தில் அயித்தம், அசுத்தம் என்ற வடசொல் தேய்ந்து வந்தது என்பார்கள். இந்த ஊரில் அயித்தம் வெறும் சொல்லாக இருக்கவில்லை. இன்ன சாதிக்காரன் இத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்று அளந்து வைத்திருந்த நாடு. 1936 நவம்பர் 12இல் சித்திரைத் திருநாள் மகாராஜாவின் ஆலயப் பிரவேச விளம்பரம் வருகிறவரை கோயில் சுவரே அந்த அளவுகோலாக இருந்தது.

சேஸ்ட், சேஸ்டைஸ், காஸ்ட் என்று லத்தீனில் நாம் கண்ட உறவை இந்த மண் நடத்தியே காட்டியிருக்கிறது. 1956 வரை திருவிதாங்கூரோடு இருந்த சுசீந்திரத்துக்குப் பெயரே சுசி என்ற தூய்மையிலிருந்து வந்தது. இந்திரன் அங்கே சுத்தமானான் என்பது தலபுராணம். அதே கோயிலில்தான் கைமுக்கு என்ற வழக்கம் இருந்தது. ஒழுக்கக்கேடு சாட்டப்பட்ட நம்பூதிரி கொதிக்கிற நெய்யில் கையை முக்கி உள்ளே இட்டதை எடுக்க வேண்டும். கை வெந்தால் குற்றவாளி. சுவாதித் திருநாள் காலத்தில் அது நிறுத்தப்பட்டது. நம்பூதிரிப் பெண்களுக்கு ஸ்மார்த்தவிசாரம் என்ற வேறொரு சோதனை. விசாரணை முடிகிறவரை அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லி அழைக்க மாட்டார்கள். 'சாதனம்' என்பார்கள், அதாவது பொருள், சாமான். 1905இல் கொச்சி ராஜ்யத்தில் நடந்த குறியேடத்துத் தாத்ரி விசாரணையில், அவர் பெயர் சொன்ன ஆண்கள் அறுபதுக்கும் மேற்பட்டோர் சாதிவிலக்கம் செய்யப்பட்டார்கள். கற்பைச் சோதித்தார்கள், தண்டித்தார்கள், சாதியிலிருந்து வெட்டி எறிந்தார்கள். லத்தீன் தெரியாமலே காஸ்டுஸின் மூன்று பிள்ளைகளும் ஒரே முற்றத்தில் ஆடியிருக்கிறார்கள்.

வேலி இல்லாத சொற்கள்

ஆங்கிலம் முழுக்க வேலிதான் என்று சொல்லிவிட்டால் அதுவும் அநியாயம். அங்கேயே வேறு வகைத் தூய்மைகளும் உண்டு.

ப்யூர் என்ற சொல் கழுவித் துப்புரவாக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. நம் பவித்திரத்துக்கும் அதே வேர்; இரண்டும் தூரத்துப் பங்காளிகள். கழுவினால் போகும் என்பதால் இந்தத் தூய்மையில் திரும்பி வர வழி உண்டு. கேன்டிட் என்றால் வெளிப்படையான, கள்ளமற்ற. லத்தீனில் பளிச்சென்ற வெண்மை. ரோமாபுரியில் தேர்தலில் நிற்பவர்கள் சுண்ணத்தால் வெளுத்த ஆடை உடுத்து வந்ததால் அவர்களுக்குக் கேன்டிடேட் என்று பெயர். நம்மூர் வேட்பாளர்களின் கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியைப் பார்க்கும்போது இரண்டாயிரம் வருஷத்தில் ஒன்றும் பெரிதாக மாறவில்லை என்று தோன்றும். ஹோலி என்ற புனிதச் சொல் முழுமை, ஆரோக்கியம் என்பதோடு பிறந்தது.

எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது இன்னசென்ட். இன் என்றால் இல்லை. மற்றது தீங்கு செய்தல். தீங்கு செய்யாதவன் இன்னசென்ட். இதில் தொடுதல் இல்லை, தூரம் இல்லை, குலம் இல்லை. வாய்மைக்கு வள்ளுவர் இலக்கணம் சொல்லும்போது (குறள் 291) இதே இடத்துக்குத்தான் வருகிறார்: தீமை இல்லாததைச் சொல்வது. புறத்தூய்மைக்குத் தண்ணீர் போதும், அகத்தூய்மை வாய்மையில் தெரியும் என்று அதே அதிகாரத்தில் (குறள் 298) பிரித்தும் காட்டுகிறார். ஆனால் உலகம் தீங்கு செய்யாதவனை என்ன செய்யும்? ஏமாளி என்று சொல்லும். ஆங்கிலத்தில் இன்னசென்ட்டுக்கு அப்பாவி என்றும் பொருள் வந்தது. மலையாளத்தில் சுத்தன் என்றால் குளித்தவன் அல்ல, சூது தெரியாதவன். "ஆளு பாவம்" என்று நாமும் சொல்கிறோமே.

மலையாளத்தைப் பற்றி இன்னொன்று. அங்கே கற்புக்கு வழங்கும் சொல் சாரித்ரியம். சரித்திரம் என்பதும் அதுவும் நடத்தை என்ற ஒரே அடியிலிருந்து வந்தவை. ஒருத்தரின் சாரித்ரியம் அவர் நடந்துகொண்ட விதம். வேரளவில் இதுவும் வேலியில்லாத சொல்தான். வழக்கில் அதையும் பெண்ணுக்கே ஒதுக்கிவிட்டார்கள் என்பது வேறு விஷயம்.

ஆக, தூய்மைச் சொற்கள் இரண்டு வகை. ஒன்று, மற்றவன் என்னைத் தொடாமலிருப்பதால் வரும் தூய்மை. மற்றது, நான் நடந்துகொள்வதால் வரும் தூய்மை. முதலாவதை எவனும் வந்து கெடுத்துவிட்டுப் போகலாம். இரண்டாவதை என்னைத் தவிர யாரும் கெடுக்க முடியாது. சிறைக் காவல் என்ன செய்யும், பெண்ணின் நிறையே அவளுக்குத் தலையான காவல் என்று வள்ளுவர் சொல்வதும் (குறள் 57) இதைத்தான். ஆணையும் சேர்த்துச் சொல்லியிருந்தால் பெரியார் சண்டைக்குப் போயிருக்க மாட்டார்.

ஒரு மொழிபெயர்ப்பும் ஒரு செய்திச் சொல்லும்

இப்போது கட்டுரையின் அடிமடிக்கு வருகிறேன். கற்பு என்று எங்கே கண்டாலும் சேஸ்டிட்டி என்று எழுதிப் பழகிவிட்டோம். பழக்கம் திரும்பி வந்து தமிழையும் பாதித்தது. கல், சொல் என்ற இரண்டாம் வகைப் பொருள்கள் மங்கி, தொடப்படாமை என்ற முதல் வகைப் பொருளே கற்புக்கு நிலைத்துவிட்டது. ஆங்கிலம் மட்டும்தான் காரணம் என்று சொல்ல வரவில்லை, நச்சினார்க்கினியரைப் பார்த்தோமே. ஆனால் மொழிபெயர்ப்பு அதற்கு முத்திரை குத்திக் கொடுத்தது.

அதன் விளைவு ஒரு சொல்: கற்பழிப்பு. தமிழ்ச் செய்தித்தாள்களில் எத்தனை காலம் இதைச் சாதாரணமாக அச்சடித்தார்கள்! ஆங்கிலத்தில் ரேப் என்பதன் வேர் பறித்தல், பலவந்தமாகப் பிடுங்குதல். செய்தவனின் செயலைச் சொல்லும் வினை. கற்பழிப்போ, பாதிக்கப்பட்டவளிடம் ஏதோ ஒன்று அழிந்து போனதாகச் சொல்கிறது. குற்றம் அவன் செய்தது. நஷ்டக் கணக்கு மட்டும் அவள் பேரில். அவளிடம் இருந்த நல்லொழுக்கமே போய்விட்டது என்று அந்த ஆறு எழுத்து தீர்ப்பு எழுதிவிடுகிறது.

இதைச் சொல்லோடு விட்டுவிடவும் முடியாது. சொல்லில் இருந்தது ஆஸ்பத்திரி மேசைவரை போயிற்று. இன்டாக்ட்டா இல்லையா என்று பார்க்கிற இரண்டு விரல் பரிசோதனை பல்லாண்டு நம் நாட்டில் நடந்தது. அது பெண்ணின் கண்ணியத்துக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 2013இல் சொன்னது. அதற்குப் பிறகும் நிற்காததால், இனி நடத்துபவர் தவறான நடத்தைக்குக் குற்றவாளியாவார் என்று 2022இல் மறுபடி சொல்ல வேண்டி வந்தது. சுசீந்திரத்து நெய்க் கொப்பரை ஆறி எத்தனை காலம் ஆயிற்று! சோதனை மட்டும் வேறு உருவத்தில் தொடர்ந்திருக்கிறது.

இங்கேதான் பெரியார் தம் வாதத்தின் முழுப் பலத்தையும் பயன்படுத்தவில்லை என்று எனக்குப் படுகிறது. கற்பு இருவருக்கும் பொது என்று நிரூபிப்பதோடு அவர் நின்றார். பாரதியும் கற்பை இரு கட்சிக்கும் பொதுவாக வைக்கச் சொன்னவர். பொதுவில் வைப்பது பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. ஆனால் அவர் எடுத்த வேரை வைத்தே இன்னும் ஓர் அடி போகலாம். கற்பு கல்வி என்றால், கற்றதை இன்னொருத்தன் எப்படி அழிப்பான்? கற்பு வாக்குத் தவறாமை என்றால், என் வாக்கை நான்தானே தவற முடியும்? வழியில் மறித்த ஒரு முரடன் அதை எப்படித் தவறச் செய்வான்? பெரியார் காட்டிய பொருளின்படி கற்பழிப்பு என்ற சொல்லுக்கு அர்த்தமே கிடையாது. அது இலக்கணப் பிழை. சேஸ்டிட்டியைச் சாட்சிக்கு அழைத்து, கெடாமை, மாசின்மை என்று பொருளை அந்தப் பக்கம் சாய்த்ததால், இந்த முடிவு அவர் கையருகே வந்தும் நழுவிப் போயிற்று. கெடாதது என்று ஒன்றைச் சொல்லிவிட்டால், கெடுக்கலாம் என்பதும் கூடவே வந்துவிடுகிறதே!

இப்போது நல்ல பத்திரிகைகள் பாலியல் வன்கொடுமை, வன்புணர்வு என்று எழுதுகின்றன. பெண்கள் இயக்கங்கள் போராடிப் பெற்ற மாற்றம் இது. ஆனாலும் வீட்டுப் பேச்சில், பழைய சினிமா வசனத்தில், சில தலைப்புகளில் அந்தச் சொல் இன்னும் எட்டிப் பார்க்கிறது. சட்டமும் முழுக்க மாறவில்லை. இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 354ஆம் பிரிவில் இருந்த, பெண்ணின் மாடஸ்டிக்குப் பங்கம் என்ற ஆங்கிலத் தொடர், 2024 ஜூலையில் நடைமுறைக்கு வந்த பாரதிய நியாய சம்ஹிதாவின் 74ஆம் பிரிவிலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

கண்ணகியை எங்கே வைப்பது?

"அப்போ கண்ணகி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆற்றுகால் அம்மையைக் கண்ணகி என்று வணங்கும் ஊர் நம்முடையது. மதுரையை எரித்துவிட்டுக் கொடுங்கல்லூர் போகிற வழியில் அவள் இங்கே தங்கினாள் என்பது நம்பிக்கை. திருவிழா நாட்களில் தோற்றம்பாட்டாக அவள் கதையைத்தான் பாடுகிறார்கள்.

சிலப்பதிகாரத்தில் கண்ணகியின் கற்பு எந்த இடத்தில் உச்சம் பெறுகிறது? யாரும் தன்னைத் தொடவில்லை என்று அவள் எங்கேயாவது வாதாடுகிறாளா? அரசவையில் ஏறி நின்று வழக்குரைக்கிறாள். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள்; தன் அரசியின் சிலம்பில் இருப்பது முத்து என்கிறான் அரசன்; உடைத்துக் காட்டி நிரூபிக்கிறாள். சொல்லும் சான்றும். ஆங்கிலத்தில் சேஸ்ட் வைஃப் என்று படிக்கிற வெளிநாட்டு வாசகனுக்கு, ஒரு சேஸ்ட் வைஃப் ஏன் ஊரை எரிக்கிறாள் என்பது விளங்கவே விளங்காது. கற்பைச் சாந்தமான தூய்மையாகக் கொள்ளாமல், பெண்ணிடம் குடிகொண்ட ஆபத்தான தெய்வீக ஆற்றலாகப் பார்க்க வேண்டும் என்று ஜார்ஜ் ஹார்ட் எழுதியது இந்தச் சிக்கலை உணர்ந்துதான். எனக்கு அதோடு ஒன்று சேர்க்கத் தோன்றுகிறது: அது நியாயம் கேட்கத் தெரிந்த ஆற்றல். கற்றவளின் ஆற்றல்.

பொங்கல் நாளில் ஆற்றுகால் முதல் கிழக்கேகோட்டை தாண்டி நகரத்துத் தெருக்களெல்லாம் செங்கல் அடுப்பு. 1997இல் 15 லட்சம் பேர், 2009இல் 25 லட்சம் பேர் என்று கின்னஸ் புத்தகம் கணக்கெடுத்தது. எந்த வீட்டுப் பெண், எந்தச் சாதி, என்ன மதம் என்று பக்கத்து அடுப்புக்காரி கேட்பதில்லை. தோளோடு தோள் இடிக்கும், புடவையோடு புடவை உரசும். நூறு வருஷம் முன்பு இன்ன சாதி இத்தனை அடி என்று அளந்த ராஜ்யத்தின் தலைநகரில், கற்பின் தெய்வம் என்று சொல்லப்படுபவளின் திருவிழா இப்படி ஒருவரையொருவர் தொட்டுக்கொண்டுதான் நடக்கிறது. தொடாமைதான் கற்பு என்றால் இந்தத் திருவிழாவை எப்படி விளக்குவது?

நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷும் மலையாளமும் படிக்கிறார்கள், தமிழ் வீட்டில்தான். கற்புன்னா இங்கிலீஷ்ல என்ன என்று அவர்கள் கேட்டால், சட்டென்று சேஸ்டிட்டி என்று சொல்லிவிட வேண்டாம் என்பது என் விண்ணப்பம். முதலில் கல், கற்பி, கற்பு என்று வரிசையாகச் சொல்லிக் கொடுங்கள். சொன்ன சொல் மாறாமல் இருப்பது, பையனுக்கும் பெண்ணுக்கும் ஒன்றுபோல, என்று சொல்லுங்கள். கூடவே, அதை வேறு யாரும் உன்னிடமிருந்து எடுத்துவிட முடியாது என்பதையும் சொல்லிவிடுங்கள். இந்தக் கடைசி வரி பெரியார் கட்டுரையில் இல்லை. ஆனால் அவர் காட்டிய வழியில் நடந்தால் அங்கேதான் போய்ச் சேர்கிறோம்.